'ஸ்டோன்' என்னும் சொல்லும் அதன் பொருள்களும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவன் முதன்முதலில் அறியும் சொற்களுள் 'ஸ்டோன்' என்பதும் ஒன்று. படத்தைக் காட்டிக் 'கல்' என்று சொன்ன அளவிலே பாடம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அதே சிறுவன் சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆங்கிலக் கதையில், ஒருவர் 'டென் ஸ்டோன்' எடையுள்ளவர் என்று படிக்கும்போது திகைத்து நிற்பான். அவர் பத்துக் கற்களைத் தூக்கினார் என்று பொருள் எழுதினாலும் வியப்பதற்கில்லை. குற்றம் அவனுடையதன்று, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கற்பித்த முறையினுடையது.

எளிய சொற்களே பல பொருள்களைச் சுமப்பன. இதனை நன்குணர்ந்த நம் நிகண்டு ஆசிரியர்கள், ஒரு சொல் பல பொருள் குறிப்பனவற்றைத் தனித் தொகுதியாகவே வகுத்துவைத்தனர். அந்தக் கண்கொண்டு 'ஸ்டோன்' என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும்.

எடையும் கொட்டையும்

'ஸ்டோன்' என்பது பிரிட்டானியரின் எடையளவுகளுள் ஒன்று. பழங்காலத்தில் தராசின் ஒரு தட்டில் கல்லையே வைத்து நிறுத்தமையால் இப்பெயர் வந்தது. அன்று இவ்வளவு எங்கும் ஒரே சீராக இருக்கவில்லை. இறைச்சிக்கு 8 பவுண்டும், கண்ணாடிக்கு 5 பவுண்டும், கம்பளிக்கு 14 பவுண்டும் ஒரு 'ஸ்டோன்' எனக் கொள்ளப்பட்டன. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் 14 பவுண்டையே பொது அளவாக்கியது. அஃது ஏறத்தாழ 6.35 கிலோகிராம். எனவே, முன்னர்க் கூறிய கதைமாந்தரின் எடை 140 பவுண்டு; அதாவது 63.5 கிலோகிராம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வளவு வணிகத்தினின்றும் நீங்கிவிட்டது. ஆயினும், தம் உடல் எடையைச் சொல்லும்போது பிரிட்டானியர் பலர் இன்றும் இதனையே வழங்குகின்றனர். எடையைக் குறிக்கும்போது இச்சொல் பன்மை விகுதி பெறாது நிற்பதும் மாணவர் அறியவேண்டிய இலக்கணக் குறிப்பாகும்.

மா, பேரீச்சை, பிளம் போன்ற கனிகளின் உள்ளிருக்கும் கடினமான கொட்டையும் 'ஸ்டோன்' எனப்படும். மோதிரத்தில் பதிக்கும் மணியும், பித்தப்பையிலும் சிறுநீரகத்திலும் தோன்றும் கட்டியும் அப்பெயரே பெறும். இச்சொல் வினையாகும்போது இன்னொரு புதுமை நிகழ்கிறது. நாயை 'ஸ்டோன்' செய்வது அதன்மேல் கல்லெறிவது; பேரீச்சம்பழத்தை 'ஸ்டோன்' செய்வதோ அதனுள்ளிருக்கும் கொட்டையை நீக்குவது. ஒன்றில் கல் சென்று சேர்கிறது. மற்றொன்றில் வெளியே வருகிறது! உடன் நிற்கும் சொல்லைப் பாராமல் பொருள் காண இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிற சொற்களோடு சேர்ந்து மிகுதியை உணர்த்தவும் இது வரும். 'ஸ்டோன் டெஃப்' என்றால் சிறிதும் காது கேளாதவர். 'ஸ்டோன் கோல்ட்' என்றால் முற்றும் ஆறிப்போனது. போதையால் நிலையிழந்தவனைக் குறிக்கும் கொச்சை வழக்கும் உண்டு. இங்கெல்லாம் 'கல்' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும்.

மலாய் மொழியில் 'பத்து'

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு வேறெந்நாட்டு மாணவனுக்கும் எளிதில் வாய்க்காத நலம் ஒன்றுண்டு. தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் அவன் ஒருங்கே கற்கிறான். 'ஸ்டோன்' என்பதற்கு நேரான மலாய்ச் சொல் 'பத்து'. அதன் பொருட்பரப்பையும் காண்போம்.

செங்கல் 'பத்து பாத்தா'. நிலக்கரி 'பத்து ஆராங்'. கல்லறைக் கல் 'பத்து நீசான்'. சிக்கிமுக்கிக் கல் 'பத்து ஆப்பி'. இருவரிடையே பகை மூட்டிவிடுபவனுக்கும் இதுவே பெயர். பிடிவாதக்காரனைக் 'கெப்பாலா பத்து' என்பர், அதாவது கல்தலையன். பனிக்கட்டி 'ஆயேர் பத்து'. நீர்க்கல் என்பது அதன் நேர்ப்பொருள். சிறுவர் விரும்பி உண்ணும் 'ஏபிசி' என்னும் குளிர்பண்டத்தின் பெயரில் நடுவெழுத்துக் குறிப்பதும் இந்தப் 'பத்து'வையே. கைவிளக்கில் இடும் மின்கலத்தையும் மலாய்க்காரர் 'பத்து' என்பதுண்டு. தமிழ்நாட்டார் அதனைக் 'கட்டை' என்பர். புதிய பொருள் ஒன்று வந்தபோது ஓரினத்தார் கல்லையும் மற்றோரினத்தார் மரத்தையும் நினைத்தனர் போலும்!

'பத்து' என்பதற்கு மைல் என்னும் பொருளும் உண்டு. சாலையோரத்தில் நட்ட மைற்கல்லே தொலைவுக்குப் பெயராயிற்று. ஷா ஆலாமில் உள்ள 'பத்து தீகா' என்பது மூன்றாம் மைல் என்று பொருள்படும். 1972-ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டத்திற்குப் பின் மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறியது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆயினும் ஊர்ப்பெயர்களில் கற்கள் இன்னும் அசையாமல் நிற்கின்றன.

ஊர்ப்பெயர் தரும் பாடம்

ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் என்னும் ஊர்ப்பெயரைத் தமிழெழுத்தில் காணும் சிறுவன், முதற்சொல்லை எண்ணுப்பெயராகக் கொள்ளுதல் இயல்பே. தமிழ் நெடுங்கணக்கில் மலாய் மொழியின் முதலொலிக்குத் தனியெழுத்து இல்லாமையால் இம்மயக்கம் நேர்கிறது. உண்மையில் 'பாகாட்' என்பது உளி. ஊர்ப்பெயரின் பொருள் உளியால் செதுக்கிய கல் என்பது. ஆற்றின் கழிமுகத்தை அடுத்த மின்யாக் பெக்குவில் பாறையைக் குடைந்த பழங்கிணறு ஒன்று உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காவின்மேல் படையெடுத்து வந்த சயாமியர் நன்னீருக்காக அதனை வெட்டினர் என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் உள்ளூரார் வழிவழியாகக் கூறுவர்.

இதே மயக்கம் பத்துமலைக்கும் நேர்ந்துள்ளது. பத்தாவது முருகன் மலையாதலால் பத்துமலை என்று விளக்கம் கூறுவாருளர். அம்மலையின் அருகே ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயரே மலைக்கு ஆயிற்று என்பதே பெயர் வரலாறு. பக்தியால் பிறந்த விளக்கத்தை இகழவேண்டுவதில்லை. ஆனால், அது வேறு, சொல் வரலாறு வேறு என்று மாணவர்க்குப் பிரித்துக் காட்டுவது ஆசிரியர் கடமை.

நம் 'கல்'

இனி நம் சொல்லைப் பார்ப்போம். மைலைக் குறிக்க 'ஐந்து கல் தொலைவு' என்று நம் முன்னோரும் வழங்கினர். நிறுக்கும் கருவி இரும்பாகிவிட்ட பின்னரும் அதனை எடைக்கல் என்றே கூறுகிறோம். தோசைக்கல்லும் இரும்பாகிவிட்டது, பெயர் மட்டும் கல்லாகவே நிற்கிறது. ஆங்கிலேயர் எடைக்கும், மலாய்க்காரர் தொலைவுக்கும் கல்லின் பெயரை இட்டனர். தமிழர் இரண்டிலும் இட்டனர். ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கியதாகக் கொள்ளவேண்டியதில்லை. கையருகே கிடந்த பொருளைக் கொண்டு அளந்தமையால் மூவர் கருத்தும் ஒன்றாயிற்று.

நடுகல் அமைக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. எல்லைக்கல், உரைகல், அம்மிக்கல், கல்வெட்டு என இச்சொல் வாழ்வின் பல துறைகளிலும் பரந்து நிற்கிறது. இவற்றினும் மேலாக, 'கல்' என்பது தமிழில் வினையுமாகும். கல்வி அதன் வழிப் பிறந்ததே. 'கல்லுதல்' என்பதற்குத் தோண்டுதல் என்னும் பொருளும் உண்டு. மணற்கேணியைத் தோண்டுவதற்கும் கற்பதற்கும் வள்ளுவர் ஒப்புமை கூறியதை இதனோடு சேர்த்து எண்ணினால் இன்பம் மிகும்.

ஆயினும் இச்செல்வத்தில் ஒரு பகுதி தேய்ந்து வருகிறது. 'ஐந்து கல்' என்று பழைய கதையொன்றில் படிக்கும் இன்றைய மாணவன், 'டென் ஸ்டோன்' கண்டு திகைத்தது போலவே திகைப்பான். அயல்மொழிச் சொல்லில் நேரும் மயக்கம் தாய்மொழிச் சொல்லிலும் நேருமாயின், இழப்பு இரு மடங்காகிறது.

பழமொழியில் கல்

மரபுத் தொடர்களில் இன்னும் விழிப்பு வேண்டும். ஒரு கல்லால் இரண்டு பறவைகளை வீழ்த்துவது ஆங்கில மரபு. நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். மலாய்க்காரரோ ஒருமுறை துடுப்பு வலித்து இரண்டு மூன்று தீவுகளைக் கடக்கின்றனர். கருத்து ஒன்றே, வேடன், தோப்புச் சிறுவன், கடலோடி என்று காட்சிதான் மாறுகிறது. கொடாதவனிடம் ஒன்றைப் பெறுவதைக் கல்லிலிருந்து குருதி வடிப்பது என்பர் ஆங்கிலேயர். கல்லிலே நார் உரிப்பது என்போம் நாம். எல்லா முயற்சியும் செய்து பார்ப்பதை 'எந்தக் கல்லையும் புரட்டாமல் விடவில்லை' என்று எழுதுவது தமிழாகாது. அருகிலிருப்பதைக் 'கல்லெறி தூரம்' என்னும் வழக்குத் தமிழ் விவிலியத்தில் உண்டு. நாட்டுப்புறத்தாருக்குக் 'கூப்பிடு தூரம்' என்பதே இயல்பு.

ஆசிரியர் செய்யத்தக்கது இதுவே. 'ஸ்டோன்' என்றால் கல் என்று ஒரு வரியில் நிறுத்தாமல், கரும்பலகையை மூன்று பகுதியாகப் பிரித்து, மூன்று மொழிச் சொற்களையும் தலைப்பாக இடலாம். எடை, தொலைவு, கனி, மணி, நோய், பழமொழி என ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தை மாணவரைக் கொண்டே எழுதுவிக்கலாம். கட்டம் வெறுமையாக நிற்கும் இடத்தில் அம்மொழி வேறு சொல்லை ஆள்கிறது என்று காட்டலாம். பாட்டியிடமும் கடைக்காரரிடமும் கேட்டு வரச் சொன்னால், அகராதி தராத சொற்களும் வந்து சேரும். அவ்வாறு கற்ற மாணவன் அடுத்த முறை புதிய இடத்தில் ஒரு பழகிய சொல்லைக் கண்டால், அதன் பொருளை முடிவு செய்யுமுன் அதன் அண்டைச் சொற்களைப் பார்ப்பான். அப்பழக்கம் ஒன்று வாய்த்துவிட்டால் எம்மொழியும் அவனுக்குக் கடினமாகாது.