தலவில அன்னம்மாளும் ரஷ்யாவின் ஆன்யாவும் ஒரே பெயர்... தெரியுமா?

ரஷ்யப் பெயர் என்றாலே நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறீர்களா? சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை கரையோரமாக ஒரு நடை போய் வாருங்கள். அதே பெயர்கள் இங்கே சாரம் கட்டிக்கொண்டு திரிகின்றன!

அன்னம்மாள் யார் தெரியுமா? தலவிலத் திருவிழாவுக்குக் கூடாரம் அடித்துத் தங்குகிறோமே, அந்த அன்னம்மாள்தான் ரஷ்யாவின் அன்னா. செல்லமாக ஆன்யா! எபிரேயத்தில் ‘அருள்’ என்று பொருள்.

இவான் நம்ம ஆள்! ‘கடவுள் அருள் செய்தார்’ என்பதே யோவான். ரஷ்யர் வாயில் அது இவான், செல்லமாக வான்யா. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் பொருளையே பெயர்த்து அருளப்பர் என்றார்கள். முஸ்லிம் வீடுகளில் அவரே யஹ்யா நபி!

கார்க்கியின் ‘தாய்’ படித்திருக்கிறீர்களா? அதன் நாயகன் பாவெல், நம் சின்னப்பர்! இரண்டுமே பவுல்தான், ‘சிறியவர்’ என்று பொருள். ஸ்தெபான்? கிரேக்கத்தில் ‘முடி’, அதாவது கிரீடம். ஆகவே முடியப்பர்!

ரஷ்யப் பேரரசர் பீட்டர் தச்சு வேலை செய்தார், தெரியுமா? ரஷ்ய மொழியில் அவர் பியோத்தர். ‘கல்’ என்று பொருள். தமிழில் இராயப்பர். 1697இல் கப்பல் கட்டப் பழக ஆம்ஸ்டர்டாம் போனவர், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனித் துறையில் உளி பிடித்தார். 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கியதும் அதே கம்பெனிதான்! கற்பிட்டியின் பழைய ஒல்லாந்தர் தேவாலயமும் இராயப்பர் பெயரிலேயே நிற்கிறது.

ஸ்டாலினும் ஒரு சூசைதான்! 1690இல் புத்தளத்துக்கு வந்து பணியாற்றிய யோசப் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் புனிதராக்கினார்கள். அவர் பெயரான யோசப், அதாவது யோசேப்பு, ரஷ்யாவில் இயோசிஃப், நம்மிடம் சூசை, பள்ளிவாசல் தெருவில் யூசுப். சோவியத் தலைவர் ஸ்டாலினின் இயற்பெயர் இயோசிஃப்! ‘ஸ்டாலின்’ என்பது ‘உருக்கு’ என்ற சொல்லிலிருந்து அவர் சூடிக்கொண்ட புனைபெயர். அவர் இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, 1953 மார்ச் 1இல் பிறந்த கருணாநிதியின் மகனுக்கு அந்தப் பெயர் வந்தது ஊரறிந்த கதை.

சிக்கந்தர் நானாவை ‘சாஷா’ என்று கூப்பிடலாமா? தாராளமாக! இரண்டுக்கும் மூலம் அலெக்சாந்தர். ‘மனிதரைக் காப்பவன்’ என்று பொருள்.

சரி, அசல் ஸ்லாவியப் பெயர்கள்? லுத்மீலா ‘மக்களுக்கு இனியவள்’. வேரா ‘விசுவாசம்’, நதேழ்தா ‘நம்பிக்கை’, லுபோவ் ‘அன்பு’. பக்தான் ‘கடவுள் தந்தவன்’. அரபியில் அதாவுல்லா என்றாலும் ‘இறைவனின் கொடை’தான்! ஸ்வெத்லானாவில் இருக்கும் ‘ஸ்வெத்’ ஒளி. அது வடமொழி ‘ஸ்வேத’வுக்குச் சொந்தக்காரச் சொல். நம் ஸ்வேதாவுக்கு மாஸ்கோவில் ஓர் அக்கா!

தகப்பன் பெயரையும் விடமாட்டார்கள்! இவானின் மகன் இவானோவிச், மகள் இவானோவ்னா. நாம் முதலெழுத்தாகச் சுருக்கிவிடும் அப்பா பெயரை அவர்கள் முழுசாகவே சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

பிள்ளைக்குப் புதுமையாக வெளிநாட்டுப் பெயர் தேடுகிறீர்களா? முதலில் அப்பம்மாவிடம் அவருடைய முழுப் பெயரைக் கேளுங்கள். தேடும் பெயர் வீட்டிலேயே இருக்கலாம்!