குரங்குகள் மடிந்த காடு

1957ஆம் ஆண்டின் முற்பகுதியில், அக்காலத்து மைசூர் மாநிலத்தைச் சேர்ந்த சிமோகா மாவட்டத்தின் மலைநாட்டுக் கிராமங்களில் இரு செய்திகள் ஒருங்கே பரவலாயின. காட்டினுள்ளே குரங்குகள் செத்துக் கிடக்கின்றன என்பது ஒன்று. விறகு வெட்டவும் சருகு அள்ளவும் காட்டுக்குச் சென்று மீண்டவர்கள் சில நாட்களுக்குள் கடுங் காய்ச்சலுற்றுப் பாயில் வீழ்கின்றனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் கண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர்; அக்கிராமத்து மக்களே. கன்னடத்தில் 'மங்க' என்றால் குரங்கு. அம்மக்கள் அந்தக் காய்ச்சலுக்கு 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய், என்று பெயரிட்டனர். அப்பெயர் இன்றும் அங்கே வழங்கி வருகின்றது.

நோய் முன்னறிவிப்பின்றித் திடீரெனத் தொடங்கும். கடுங் காய்ச்சலும் தலைவலியும், உடலை முறித்துப் போட்டாற் போன்ற தசை வலியும் உண்டாகும், கண்கள் சிவக்கும். சிலருக்கு மூக்கிலிருந்தும் பல் ஈறுகளிலிருந்தும் குருதி கசியும். சிலருக்குக் காய்ச்சல் தணிந்து, பிழைத்தோம் என்று ஆறுதலடைந்திருக்கும் வேளையிலே, ஒன்றிரண்டு வாரங்களின் பின் அது மீண்டும் வந்து மூளையைத் தாக்கும். நோயுற்ற நூறு பேரில் மூவர் முதல் ஐவர் வரை இறந்தனர். பிழைத்தவர்களும் பல வாரங்கள் வேலைக்குச் செல்ல இயலாது தளர்ந்து கிடந்தனர். நாட்கூலியை நம்பிய குடும்பத்திற்கு இது சிறு துன்பமன்று.

செய்தி பூனா நகரத்து வைரசு ஆராய்ச்சி நிலையத்தை எட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியமும் சேர்ந்து 1952இல் நிறுவிய நிலையம் அது. குரங்குகளும் மனிதரும் ஒரே காலத்தில் ஒரே காட்டோரத்தில் மடிகின்றனர் என்று கேட்டதும் அங்கிருந்தோர் உள்ளத்தில் எழுந்த முதல் ஐயம் மஞ்சட் காய்ச்சலைப் பற்றியது. அவர்கள் அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது.

மஞ்சட் காய்ச்சல் ஆபிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் உரிய நோய். தென் அமெரிக்கக் காடுகளிலே அது குரங்குகளிடையே பரவும்போது, நாள்தோறும் கூவி முழங்கும் குரங்குக் கூட்டங்கள் மடிந்து காடே ஓசையற்றுப் போவதுண்டு. அக்காட்டு நுளம்புகள் மர உச்சிகளில் வாழ்வன. மரம் வெட்டுவோர் ஒரு மரத்தைச் சாய்க்கும்போது அவையும் மரத்தோடு கீழிறங்கி அவர்களைக் கடிக்கும். ஆசியாவிலோ இந்நோய் என்றுமே நிலைகொண்டதில்லை. ஆனால் அது வந்தால் பரவுவதற்கு வேண்டியன யாவும் இங்கு உள்ளன. அதனைப் பரப்பவல்ல வீட்டு நுளம்பு நம் நகரங்களிலெல்லாம் பெருகியிருக்கின்றது. குரங்கைப் பொறுத்தவரையில் நேயர்கள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1927இல் மேற்கு ஆபிரிக்காவில் மஞ்சட் காய்ச்சலை ஆராய்ந்தவர்கள், அந்நாட்டுக் குரங்குகளுக்கு நோய் ஏறாமையால், இந்தியாவிலிருந்து குரங்குகளை வரவழைத்தனர். அவை உடனே நோயுற்று இறந்தன. நோய்க் கிருமியை ஆய்வுகூடத்தில் முதன்முதலாகப் பேணி வளர்க்க வழி திறந்தவை அந்த இந்தியக் குரங்குகளே. ஆதலின் முப்பது ஆண்டுகளுக்குப் பின் இந்தியக் காடொன்றிலே குரங்குகள் மடிகின்றன என்ற செய்தி பூனாவில் எத்தகைய கலக்கத்தை விளைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

நிலையத்தின் தலைவர் தெல்போர்ட் வேர்க், அவருடன் பணியாற்றிய ஹரல்ட் திரபிடோ ஆகியோரும் இந்திய ஆராய்ச்சியாளரும் சிமோகாவுக்கு விரைந்தனர். நோயாளரின் குருதியும் இறந்த குரங்குகளின் உறுப்புகளும் பூனாவுக்குக் கொண்டுவரப்பட்டுச் சுண்டெலிக் குஞ்சுகளில் ஏற்றப்பட்டன. சொரப வட்டத்துக் கியாசனூர்க் காட்டில் மடிந்து கிடந்த முசு ஒன்றிலிருந்து வைரசு பிரிக்கப்பட்டது. அக்காட்டின் பெயரே நோய்க்கும் ஆயிற்று. சோதனையில் தெரிந்த உண்மை எவரும் எதிர்பாராதது. இது மஞ்சட் காய்ச்சலன்று. சோவியத் நாட்டின் கிழக்கெல்லைக் காடுகளில் லெவ் சில்பர் தலைமையில் சென்ற குழு 1937இல் கண்டறிந்த மூளைக் காய்ச்சல் வைரசுக்கு இது நெருங்கிய உறவு. பனி உறையும் சைபீரியக் காட்டு நோயின் உறவுக் கிருமி, மழை கொட்டும் மேற்கு மலைத்தொடரின் சாரலிலே காணப்பட்டது! அந்த ரஷ்ய நோயைப் பரப்புவது நுளம்பன்று, உண்ணி. எனவே ஆராய்ச்சியாளர் மர உச்சியை விட்டுத் தரையிலுள்ள சருகை நோக்கினர்.

வடக்கிலிருந்து கிருமி இவ்வளவு தொலைவு எவ்வாறு வந்தது? மாரியில் வலசை வரும் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகளோடு கொண்டுவந்திருக்கலாமோ என்று கருதப்பட்டது. பறவையியல் அறிஞர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பறவைகளைப் பிடித்து வளையமிட்டு ஆராயத் தொடங்கியது இக்கேள்வியினாலேயே. பறவைகளின் வலசையைப் பற்றி அவ்வாராய்ச்சி அறிவித்தவை பல. ஆயின் பறவைகளே குற்றவாளிகள் என்பது நிறுவப்படவில்லை.

சருகிலே கிடைத்த விடை இதனினும் சுவையானது. நோயைப் பெரிதும் பரப்புவது ஹீமாபைசாலிஸ் இசுபினிஜெரா என்னும் உண்ணி இனம். இலங்கைக் காடுகளிலும் வாழும் இனமே அது. ஓர் உண்ணி தன் வாழ்நாளில் மும்முறை வெவ்வேறு விலங்கிடம் குருதி உண்ணும். முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகாற் குஞ்சு, எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவை, குரங்கு ஆகியவற்றில் ஏறி உண்டு கீழே விழும். விழுந்தது தோலுரித்து எட்டுக்கால் இளவுண்ணியாகும். மழை ஓய்ந்த பின்னர், மார்கழி தொட்டு வைகாசி வரை, காட்டுத் தரையில் மிகுந்திருப்பவை இவ்விளவுண்ணிகளே. மனிதரைக் கடிப்பனவும் இவையே. எள்ளின் அளவினவான இவை காலில் ஏறியதைப் பலர் உணர்வதே இல்லை. காட்டுவேலை மிகுந்த காலமும் அதுவாதலின், நோயும் அதே மாதங்களிற் பெருகுகின்றது.

வளர்ந்த உண்ணிக்கு வேண்டுவது பெரிய விலங்கு. முன்னாளில் அதற்கு மானும் காட்டெருதும் கிடைத்தன. மனிதர் காட்டோரத்தில் குடியேறி, வயலுக்காகவும் கமுகந் தோட்டத்துக்காகவும் காட்டை அரிந்து, தம் மாடுகளை எஞ்சிய காட்டில் மேய விட்டபோது, பட்டி பட்டியாக விருந்து தேடி வந்துவிட்டது. மாட்டின் குருதியை வயிறாரக் குடித்த பெண்ணுண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றது. இங்குதான் ஒரு புதிர். மாட்டுக்கு இந்நோய் வருவதில்லை. மற்றொரு உண்ணிக்குத் தொற்றும் அளவுக்கு அதன் குருதியில் வைரசு பெருகுவதுமில்லை. கிருமியைப் பொறுத்தவரை மாடு குற்றமற்றது. ஆயினும் அது உண்ணிக்குச் சோறிடும் செவிலித்தாயாக நிற்கின்றது. கிருமியைச் சுமக்காத விலங்கே நோய் பெருகக் காரணமாகும் இவ்வுண்மையைப் புலப்படுத்திய பல்லாண்டு உழைப்பை எவ்வளவு பாராட்டினும் தகும்.

குரங்கின் நிலை இதற்கு நேர் எதிரானது. கருமுக முசுவும் செம்முகக் குரங்கும் கிருமி ஏறியவுடன் கடும் நோயுறுகின்றன. அவற்றின் குருதியில் வைரசு நிறைகின்றது. நோயுற்ற குரங்கு ஓடியாட இயலாமல் தரையில் வீழ்ந்து இறக்க, அதன் மேல் ஒட்டியிருந்த உண்ணிக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் அந்த இடத்திலேயே உதிர்கின்றன. அவை சில வாரங்களில் கிருமியேந்திய இளவுண்ணிகளாய் எழுகின்றன. ஆதலால் குரங்கு இறந்த சிறு நிலப்பரப்பு நெருப்புத் தணலைப் போன்று ஆபத்தானதாகின்றது. அதனைக் கண்டு குரங்குகளைக் கொன்றொழித்தால் நோய் தீரும் என எண்ணுவோரும் உண்டு. அது பேதைமை. குரங்கும் மனிதரைப் போல் உண்ணியால் நோயுற்று மடியும் பிராணியே. கிருமியோ குரங்கில்லாத காலத்திலும் சிறு விலங்குகளிடமும் உண்ணிகளிடமும் தங்கியிருக்கின்றது. காட்டில் முதலில் மடியும் குரங்கு, மனிதருக்கு முன்னெச்சரிக்கையாய் அமைகின்றது.

கொலம்பியக் காடுகளில் மஞ்சட் காய்ச்சலை ஆராய்ந்து தேர்ந்த ஜோர்ஜ் பொசெல் என்பவர் பின்னர் சிமோகாப் பகுதியில் பணியாற்றி, 1969இல் தம் முடிபுகளை வெளியிட்டார். நோய் பெருகும் இடம் அடர்ந்த நடுக்காடன்று, காடும் வயலும் சந்திக்கும் விளிம்பு என்பதே அவர் கூற்றின் சாரம். மரங்கள் வெட்டுண்ட விளிம்பிலே லந்தானாப் பற்றைகள் மண்டுகின்றன. எலியும் காட்டுக்கோழியும் அங்கே ஒதுங்குகின்றன, மாடு அங்கே மேய்கின்றது, குரங்கு அங்கே இறங்குகின்றது, மனிதர் அங்கே விறகு பொறுக்குகின்றனர். உண்ணி அனைவருக்கும் பொதுவாய்க் காத்திருக்கின்றது. லந்தானாவைத் தமிழர் உண்ணிச்செடி என்று வழங்குவது இங்கே நினைவுக்கு வருகின்றது.

பொசெல் கூறியதைப் பின்வந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன. தென் கன்னட மாவட்டத்துப் பெள்தங்கடிப் பகுதியில் மரமுந்திரிகைத் தோட்டம் இடுவதற்கெனக் காடு அழிக்கப்பட்டது. அதனையடுத்து 1983இல் அங்கு பரவிய நோயால் 1,500க்கும் மேற்பட்டோர் வருந்தினர். 2012ஆம் ஆண்டுக்குப் பின் நீலகிரிச் சாரலிலும், வயநாட்டிலும், கோவாவிலும், மகாராட்டிரத்தின் சிந்துதுர்க்கத்திலும் இந்நோய் தோன்றியது. 2019இல் சிமோகா மாவட்டத்திலேயே சாகர் வட்டத்து அரளகோடு என்னும் ஊரில் அது மீண்டும் உயிர்களைக் கொண்டது.

தடுப்பு மருந்தின் வரலாறு மகிழ்ச்சி தருவதன்று. ரஷ்ய நோய்க்கென அமைந்த மருந்தை முதலில் இங்கே பரீட்சித்துப் பார்த்தனர், பயனில்லை. பின்னர் கோழிக்கரு உயிரணுக்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரசைக் கொண்டு இந்தியாவிலேயே மருந்து ஆக்கி, 1990 முதல் ஊர் ஊராக இட்டனர். அது மீண்டும் மீண்டும் இடப்பட வேண்டியதாயிற்று. அளித்த காப்பும் குறைவு. இட்ட இடத்தில் வலி மிகுதியாதலின் பலர் இரண்டாம் முறை வர மறுத்தனர். இறுதியில் 2022இல் அது கைவிடப்பட்டது. இந்தக் கிருமியைக் கையாண்ட ஆய்வுகூடப் பணியாளர் பலர் தாமே நோயுற்றனர் என்பதையும் கூறாது விடலாகாது.

எனவே காப்பு முறைகள் இன்றும் எளியனவாகவே உள்ளன. குரங்கு இறந்து கிடக்கக் கண்டவர் அதனைத் தொடாமற் சுகாதாரப் பகுதியினருக்கு அறிவிக்கின்றனர். அவர்கள் வந்து உடலை அகற்றிச் சுற்றிலும் பூச்சிகொல்லித் தூளைத் தூவுகின்றனர். காட்டுக்குச் செல்வோர் உண்ணி அண்டாதிருக்கக் கை கால்களில் எண்ணெய் பூசிச் செல்கின்றனர். மீண்டதும் வெந்நீரிற் குளித்து உடையையும் துவைக்கின்றனர். மாட்டுத் தொழுவத்தில் பரப்பவும் கமுகுக்கு உரமிடவும் அள்ளிவரும் சருகுக் கட்டோடு உண்ணியும் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். சருகு அள்ளாதிருங்கள் என்று சொல்வது எளிது. ஆயின் சருகின்றித் தொழுவமும் இல்லை, தோட்டமும் இல்லை. மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது, அம்மலைநாட்டு மக்கள் காலில் எண்ணெய் தடவிக்கொண்டு மீண்டும் அந்தக் காட்டோரத்துக்கே புறப்படுகின்றனர்.