கருமுட்டை முதிர உதவும் மாத்திரை

மணமாகி ஆண்டுகள் சில சென்றும் மகப்பேறு வாய்க்காத பெண்கள் சிலருக்கு மருத்துவர் குளோமிஃபீன் என்னும் மாத்திரையை எழுதித் தருவதுண்டு. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பிநீரின் வேலையைத் தடுப்பதாகும். தடுக்கும் மருந்து கருத்தரிக்க உதவுவது எங்ஙனம்?

நிறுவையில் பால் குறைந்தால் மறுநாள் வேலையை முடுக்கிவிடும் கங்காணியை நாம் அறிவோம். எடை நிறைந்தால் அவர் அமைதியுறுவார். மூளையும் அவ்வாறே சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனின் அளவைப் பார்த்துப் பிட்யூட்டரிச் சுரப்பியின் வாயிலாகச் சூலகத்திற்கு ஆணையிடுகின்றது. மூளையில் ஈஸ்ட்ரோஜன் அமரவேண்டிய இடங்களைக் குளோமிஃபீன் பிடித்துக்கொள்கின்றது. எடைக் கணக்கை மறைத்தாற்போல், மூளை ஈஸ்ட்ரோஜன் போதவில்லை எனக் கருதித் தூண்டுநீரைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கின்றது, கருமுட்டை முதிர்கின்றது.

வழக்கமாக முதல் முறை நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், 5 நாள்களுக்கு மட்டுமே. இதனால் கருவுற்றோருள் 100க்கு 7 அல்லது 8 பேருக்கு இரட்டைக் கரு உண்டாகலாம். கருக்குழாய் அடைபட்டிருப்பினும், குறை கணவரிடம் இருப்பினும் இம்மாத்திரை பயன் தராது. ஆதலால் கணவரும் பரிசோதனைக்கு உடன் செல்லவேண்டும்; பழியை மனைவிமீது மட்டும் சுமத்துவது அநியாயம். அடுத்த வீட்டார் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து. பார்வை மங்கினாலோ, அடிவயிறு வீங்கி வலித்தாலோ, மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.