அன்றாட வாழ்வும் ஓவியர் தூரிகையும்

தமிழில் 'எழுதுதல்' என்னும் சொல், எழுத்து வரைவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் பொதுவாக வழங்கி வந்துள்ளது. சொல்லால் வாழ்வைப் பதிவதும் கோட்டால் பதிவதும் ஒரே பணியின் இரு கூறுகள் என நம் முன்னோர் கருதினர் போலும். இவ்விரு பணிகளையும் ஒரே கையால் ஒரே நூலில் நிறைவேற்றிய கலைஞர் ஒருவரை 13ஆம் நூற்றாண்டு ஈராக்கில் நாம் காண்கின்றோம். வாஸித் நகரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸித்தி என்பவரே அவர்.

அவர் படியெடுத்த நூல் 'மகாமாத்' என்பதாகும். பஸ்ராவைச் சேர்ந்த அறிஞர் அல்ஹரீரி (1054–1122) அரபு மொழியில் இயற்றிய இந்நூல் 50 பகுதிகளைக் கொண்டது. ஊர் ஊராகப் பயணம் செய்யும் ஹாரிஸ் என்பவர் கதை கூறுகின்றார். செல்லுமிடமெல்லாம் அவர் அபூ ஸைத் என்னும் நாவன்மை மிக்க ஒருவனைச் சந்திக்கின்றார். அவனோ மாறுவேடம் பூண்டு, சொல்வன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பெறுபவன். சிலேடையும் எதுகையும் சொல் விளையாட்டுமே இந்நூலின் உயிர். எனவே இதனை ஓவியமாக்குதல் எளிதன்று. சொல்லின் அழகைத் தூரிகையால் தீட்ட இயலுமோ?

இவ்விடத்தில்தான் வாஸித்தியின் அறிவு நுட்பம் வெளிப்படுகின்றது. நூலாசிரியர் சொல்லாது விட்டதை அவர் தீட்டினார். பயணிகள் இருவர் ஒட்டகத்தில் ஒரு சிற்றூரை அடைந்து, அங்குள்ள ஒருவரோடு உரையாடுவதாக ஒரு காட்சி. கதைக்கு வேண்டியது அவ்வளவே. ஓவியரோ அவ்வூரையே நம் கண்முன் நிறுத்துகின்றார். பள்ளிவாசலின் குவிமாடமும் மினாராவும், நீர்நிலையருகே ஆடுகளும், கூரைமேல் கோழிகளும், கதிரில் நூல் நூற்கும் பெண்ணொருத்தியும் அங்கே இடம் பெறுகின்றனர். இவர்களுள் எவரும் கதைமாந்தர் அல்லர். எனினும், அக்காலச் சிற்றூர் வாழ்வை அறிய முனையும் வரலாற்றறிஞர்க்கு இவர்களே முதன்மைச் சான்றாளர் ஆகின்றனர்.

இவ்வாறே நூலகக் காட்சியில், சுவர்ப் பிறைகளில் நூல்கள் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். அக்கால நூலகம் எவ்வாறிருந்தது என்பதற்கு இதுவொரு விளக்கம். கப்பல் காட்சியில் சாளரங்கள் வழியே பயணிகளின் முகங்கள் தெரிகின்றன; கப்பலின் பின்புறத்தே சுக்கான் அமைந்துள்ளது. அரபுக் கப்பற்கட்டுமானத்தை ஆய்வோர் இவ்வோவியத்தைத் தவறாது குறிப்பிடுவர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து குதிரைகளோடு வந்த கப்பல்கள் நம் காயலில் தங்கியதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். ஆதலின் அவ்வோவியக் கப்பல் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

இனியவற்றை மட்டுமே அவர் தீட்டினாரல்லர். யமனின் ஸபீத் நகரத்து அடிமைச் சந்தையையும் அவர் மறைக்கவில்லை. மேலே தராசு பிடித்துப் பணத்தை நிறுப்போர். கீழே விலைக்கு நிறுத்தப்பட்ட மனிதர். எவ்விளக்கவுரையும் இன்றியே அக்காட்சி நம் நெஞ்சைச் சுடுகின்றது. கண்டதைக் கண்டவாறு காட்டும் நேர்மையே அன்றாட ஓவியத்தின் அறம் என்பதை இதனால் உணர்கின்றோம்.

இஸ்லாமிய மரபில் உருவ ஓவியத்திற்கு இடமுண்டோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். திருக்குர்ஆன் படிகளில் உருவங்கள் இடம்பெறுவதில்லை. அங்கே எழுத்தணியும் பூவேலையுமே ஓங்கி நின்றன. வாஸித்தியின் ஓவியங்களோ இலக்கிய நூலொன்றின் விளக்கப் படங்கள். இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் நலம்.

பயணத்தின்போதே வரையும் முறைக்குப் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா சிறந்த எடுத்துக்காட்டு. 1832இல் தம் நாட்டுத் தூதுக்குழுவோடு மொரோக்கோ சென்ற அவர், சிறு குறிப்பேடுகளில் கரிக்கோலாலும் நீர்வண்ணத்தாலும் விரைந்து வரைந்தார். வண்ணம் தீட்ட நேரமில்லாதபோது இன்ன இடத்தில் இன்ன நிறம் என்று ஓரத்தில் எழுதி வைத்தார். சுல்தான் அப்துர் ரஹ்மான் மக்னாஸ் அரண்மனையினின்று வெளிவரும் பேரோவியத்தை அவர் காட்சிக்கு வைத்தது 1845இல். பதின்மூன்று ஆண்டுகட்குப் பின்னும் அக்குறிப்பேடுகள் துணை நின்றன. எனினும், தெலக்ருவா வியப்போடு நோக்கிய விருந்தினர். வாஸித்தியோ தம் மக்களைத் தாமே நோக்கியவர். விருந்தினர் கண்ணுக்குப் புதுமை புலப்படும். கூரைமேல் கோழியும் கதிரேந்திய பெண்ணும் போன்ற எளியவை, உடன் வாழ்பவர் கண்ணுக்கே பொருளுடையனவாகும்.

வாஸித்தி தம் படியை நிறைவு செய்தது ஹிஜ்ரி 634, ரமளான் திங்களில், அதாவது கி.பி. 1237இல். அடுத்த 21 ஆண்டுகளில், 1258இல், மங்கோலியர் படையெடுப்பால் பக்தாத் வீழ்ந்தது. நூலகங்களும் மாளிகைகளும் அழிந்தன. 99 ஓவியங்கள் கொண்ட அந்நூலோ பிழைத்து, இன்று பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளது. அழிவு வரப்போவதை அறிந்து அவர் வரைந்தாரல்லர். ஆயினும் அவர் வரைந்ததால் ஓர் உலகம் முற்றாக மறையாது நின்றது.

நம் ஊர்களிலும் அன்றாட வாழ்வு விரைந்து மாறி வருகின்றது. கமலை இறைத்த கிணறும் பாய் நெய்யும் தறியும் பல ஊர்களில் நினைவாகிவிட்டன. ஒளிப்படக் கருவி நொடியில் படமெடுக்கும் என்பது உண்மையே. எனினும், ஒரு தறியை வரைய முற்படுவோர் அதன் எக்கயிறு எக்கட்டையிற் பொருந்துகின்றது என்று கூர்ந்து நோக்கியே ஆதல் வேண்டும். அந்நோக்கே கல்வி. ஆதலின் மாணவச் செல்வங்கள் சிறு குறிப்பேடொன்றைக் கைக்கொண்டு, தம் வீட்டையும் தெருவையும் செல்லும் ஊர்களையும் வரைந்து பழகுதல் வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் இடத்தையும் நாளையும் எழுதி வைத்தல் இன்றியமையாதது. கோடுகள் கோணினும் குற்றமில்லை. முதியோரை அணுகி, பொருள்களின் பெயர்களையும் கேட்டெழுதுவராயின், ஓவியத்தோடு சொல்லும் பிழைக்கும். எழுதுதல் என்னும் நம் சொல்லின் இரு பொருளும் அப்போதுதான் நிறைவு பெறும்.