மேசையில் பிறக்கும் புண்

படுக்கைப் புண் என்றதும் மாதக்கணக்கில் பாயில் கிடக்கும் முதியவரே நம் நினைவுக்கு வருவார். அறுவை மேசையில் சில மணி நேரம் கிடந்தவருக்கும் அது வரலாம் என்பதைப் பலர் அறியார்.

நாம் உறங்கும்போது ஒரே நிலையில் கிடப்பதில்லை. ஓரிடம் அழுந்தினால் விழிக்காமலே புரண்டு படுக்கிறோம். மயக்க மருந்து வலியோடு சேர்த்து இந்தப் புரளலையும் நிறுத்திவிடுகிறது. பல வேளைகளில் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது என்று இயற்பியலில் படித்திருக்கிறோம். மல்லாந்து கிடப்பவரின் பின்மண்டை, இடுப்பின் பின்புற எலும்பு, குதிகால் ஆகியவை மிகச் சிறிய பரப்பில் எடையைத் தாங்குகின்றன. 1930-இல் லேண்டிஸ் என்னும் ஆய்வாளர் மனித நகக்கண்ணின் தந்துகிகளில் இரத்த அழுத்தத்தை அளந்தார். தமனிப் பக்கத்தில் அது சராசரியாக 32 மி.மீ. பாதரசம். வெளி அழுத்தம் அதை விஞ்சி நீடித்தால் இரத்த ஓட்டம் தடைப்படலாம். ஆனால் 32 என்பது எல்லாருக்கும் பொருந்தும் எல்லைக்கோடு அன்று. நேரமும் கணக்கில் சேரும். மிகுந்த அழுத்தம் சிறிது நேரத்திலும், குறைந்த அழுத்தம் நெடுநேரத்திலும் தசையைச் சிதைப்பதை 1959-இல் கோசியாக் நாய்களில் கண்டறிந்தார்.

எலும்பை ஒட்டிய தசையே பெரும்பாலும் முதலில் கெடுகிறது. ஆகவே மேசையில் நேர்ந்த கேடு ஓரிரு நாள் கழித்துத்தான் தோலில் தெரியும். அதற்குள் நோயாளி வார்டுக்கு வந்திருப்பார். பழி வார்டுப் படுக்கைமேல் விழும்!

தடுக்கும் வழிகள் எளியவை. மேசைமேல் தடித்த நுரை மெத்தையோ ஜெல் மெத்தையோ விரிக்க வேண்டும். கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகால் எதையும் தொடாதபடி தூக்கி நிறுத்த வேண்டும். நோயாளியை இழுத்து நகர்த்தலாகாது. தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்ந்து நுண்குழாய்கள் அறுபடும். கிருமிநாசினித் திரவம் முதுகின் கீழ் தேங்கவும் விடலாகாது. வளைய வடிவத் தலையணை நல்லதென்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அவ்வளையமே சுற்றிலும் அழுத்தி இரத்தத்தைத் தடுக்கிறது.

நூல்கள் பலவும் “சிவந்த தோலைக் கவனி” என்கின்றன. நம் கருநிறத் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? சென்ற ஆண்டு என் அப்பத்தாவுக்குத் தொடை எலும்பு முறிந்து அறுவை நடந்தது. மறுநாள் வார்டு சிஸ்டர், “கண்ணால பார்த்தா தெரியாது தம்பி, புறங்கையால ரெண்டு குதிகாலையும் தொட்டுப் பாருங்க” என்றார். நிறத்தில் வேறுபாடே இல்லை. ஆனால் ஒன்று மற்றதைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. அப்பா தைலம் தேய்க்கக் கை நீட்டினார். சிஸ்டர் தடுத்துவிட்டார், நலிந்த திசுவைத் தேய்த்தால் மேலும் சிதையுமாம். கெண்டைக்காலின் கீழ் தலையணை ஏறியது. நான்காம் நாள் சூடு தணிந்தது.

அறுவை முடிந்தவருக்குத் துணையிருப்போர், அவர் எந்த நிலையில், எத்தனை மணி நேரம் கிடந்தார் என்று கேட்டறிய வேண்டும். குப்புறக் கிடத்தியிருந்தால் நெற்றி, முகவாய், மார்பு, முழங்கால். ஒருக்களித்திருந்தால் தோள், இடுப்பு, கணுக்கால் ஆகிய இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.