கஞ்சக் சிறுமியரின் கைக்காசு

புது தில்லி: நவராத்திரியின் அஷ்டமி, நவமி காலைகளில் தில்லிக் குடியிருப்புகளில் சிறுமியர் வீடு வீடாக அழைக்கப்படுகின்றனர். "கஞ்சக்" எனப்படும் இவ்வழிபாட்டில் அவர்களின் பாதம் கழுவி, பூரி, கொண்டைக்கடலை, அல்வாவுடன் காணிக்கைப் பணமும் தரப்படுகிறது. பத்து வீடு சென்றால் பத்து நோட்டுகள். அவற்றை எண்ணுவதும் ஒளித்துவைப்பதும் சிறுமியின் உரிமை.

2016-இல் யு.பி.ஐ. வந்தது, வீடுகளில் சில்லறை வைத்திருக்கும் வழக்கம் குறைந்தது. காணிக்கையைக் கைப்பேசியில் அனுப்பினால் அது சேருமிடம் பெற்றோரின் கணக்கு. மளிகைக்கோ மின்கட்டணத்துக்கோ கரைந்தாலும் சிறுமிக்குத் தெரியாது. பெண் குழந்தை தனதென்று தொட்டறியும் முதல் பணம் அல்லவா அது!

10 வயது நிரம்பியோர் வங்கிக் கணக்கைத் தாமே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2025 ஏப்ரல் உத்தரவு. கஞ்சக்கில் அமர்வோருக்கான மரபு வயதோ 2 முதல் 10 வரை.