கார் எப்போது கொதிக்கிறது?

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூருக்குத் தினமும் போய்வரும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். காலை நெரிசலில் வாகனங்கள் ஊர்ந்து நகரும்போது வெப்பநிலை காட்டும் முள் மெல்ல மேலே ஏறுகிறது. நெரிசல் விலகிக் கார் வேகம் பிடித்ததும் முள் தானாகவே பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. இன்னொரு கார் இதற்கு நேர்மாறு. நெரிசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கோம்பாக் டோல் சாவடியைத் தாண்டி, காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறத் தொடங்கினால்தான் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது.

இரண்டு காரின் உரிமையாளர்களும் பட்டறையில் போய்ச் சொல்வது ஒன்றுதான்: "கார் கொதிக்கிறது." ஆனால் காரணம் ஒன்றல்ல. அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், இந்த வாரம் தெர்மோஸ்டாட், அடுத்த வாரம் நீர் பம்ப், அதற்கடுத்த வாரம் ரேடியேட்டர் என்று பாகங்களை மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். பணம் கரையும், கார் மறுபடியும் கொதிக்கும். ஆரம்பப் பள்ளியிலேயே உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதைக் காரிடம் செய்து பார்க்க வேண்டிய இடம் இது. கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் பாகம் கெட்டது என்பதல்ல. எப்போது சூடாகிறது என்பதுதான்.

ஒன்பது கெட்டில் வெப்பம்

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கும். ஒரு சிறிய கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் பெட்ரோலை எரிப்பதாக வைத்துக்கொள்வோம். 32-ஐ 6-ஆல் பெருக்கி 3600 வினாடிகளால் வகுத்தால் சுமார் 53 கிலோவாட் வருகிறது. இதில் காரை ஓட்டும் வேலைக்குப் பயன்படுவது மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மிச்சமுள்ள பங்கு, ஏறத்தாழ 18 கிலோவாட், இயந்திரத்தின் உலோகத்துக்குள் இறங்குகிறது. 2 கிலோவாட் மின்சாரக் கெட்டில்கள் ஒன்பதை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம் அது. மலை ஏறும்போது எரிபொருள் செலவு கூடுவதால் இந்த வெப்பம் இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம்.

உருளைக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் அலுமினியத்தாலான உருளைத் தலை உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உள்வழிகளில் ஓயாமல் ஓடும் நீர். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4200 ஜூல் தேவை. கிடைப்பதற்கு எளிதான வேறு எந்த நீர்மமும் இவ்வளவு வெப்பத்தைச் சுமக்காது.

அந்த ஓட்டம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? 5 லிட்டர் நீரை 90 பாகையிலிருந்து 120 பாகைக்கு உயர்த்த 630 கிலோஜூல் போதும். வினாடிக்கு 18 கிலோஜூல் வந்துகொண்டிருந்தால், அதற்கு 35 வினாடிதான். இயந்திரத்தின் உலோகமும் ஒரு பகுதி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் உண்மையில் இரண்டு நிமிடம்வரை ஆகலாம். "வீடு பக்கத்தில்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்று நினைப்பவர்களுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

நீர் போகும் பாதை எளிமையானது. பம்ப் நீரைத் தள்ளுகிறது. நீர் இயந்திரத்தில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது வெப்பத்தைக் காற்றிடம் கொடுத்துவிட்டு, கீழ்க் குழாய் வழியாகத் திரும்புகிறது. பல கார்களில் இயந்திரத்துக்கும் மேல் குழாய்க்கும் இடையில் தெர்மோஸ்டாட் என்ற கதவு இருக்கிறது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். 80-க்கும் 90-க்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அதற்குள் இருக்கும் மெழுகு உருகி, விரிந்து, கதவைத் திறக்கும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. மெழுகு உருகும்போது அதன் கன அளவு கூடுகிறது என்ற ஒரே உண்மையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. எனக்குக் காரில் மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

தொடக்ககாலக் கார்களில் இந்தச் சுற்று இல்லை. 1888-இல் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் காரோட்டிச் சென்றபோது, நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்ததால் வழிநெடுகிலும் நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

நெரிசலிலா, மேட்டிலா?

இப்போது நம் முதல் காரைப் பார்ப்போம். நெரிசலில் நிற்கும் இயந்திரம் உண்மையில் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குகிறது; ஓரிரு கெட்டில் அளவுதான். ஆனாலும் சூடாகிறது. ஓடினால் குளிர்ந்துவிடுகிறது. ஓடும் காருக்குக் கிடைத்து, நிற்கும் காருக்குக் கிடைக்காதது எது? காற்று. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நிற்கும்போது அந்தக் காற்றை மின்விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். ஆகவே சந்தேகம் விசிறியின் பக்கம் திரும்புகிறது: விசிறியின் மோட்டார், அதன் ஃபியூஸ், ரிலே, அல்லது "இப்போது சுழலு" என்று சொல்ல வேண்டிய வெப்ப உணரி. பெரும்பாலான கார்களில் ஏர்கோனைப் போட்டாலே விசிறி சுழல வேண்டும். அப்போது சுழன்று, இயந்திரம் சூடாகும்போது மட்டும் சுழலாவிட்டால் மோட்டாரில் பழுதில்லை. உணரியையோ அதன் கம்பியையோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு பொத்தானை அழுத்திப் பாதிக் காரணங்களை விலக்கிவிட்டோம். (இயந்திரத்தை நிறுத்திய பிறகும் விசிறி திடீரென்று சுழலக்கூடும். விரலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.)

இரண்டாவது காருக்குக் காற்றுப் பஞ்சமில்லை. மேட்டில் வெப்பம் கூடும்போது, அதைச் சுமந்துபோய்க் கொட்ட நீராலோ ரேடியேட்டராலோ முடியவில்லை. சாதாரணச் சாலையில் அந்தக் குறை தெரியாது, மலைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது நீரின் அளவு. அது சரியாக இருந்தால், ரேடியேட்டரின் உள்குழாய்களில் துருவோ உப்புப் படிவோ அடைத்திருக்கலாம். வெளித்தகடுகளில் சேறும் பூச்சிகளும் அப்பியிருக்கலாம். தெர்மோஸ்டாட் பாதி மட்டும் திறக்கலாம். பம்ப்பின் சுழலித் தகடுகள் அரித்துத் தேய்ந்து போயிருக்கலாம். வெளியே பம்ப் சுழல்வது தெரியும், உள்ளே நீரைத் தள்ள ஒன்றும் இருக்காது.

மூன்றாவது வகையும் உண்டு. காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் மேலே போய்விடும். அப்படியானால் நீர் சுற்றவே இல்லை என்று ஊகிக்கலாம். நீர் குறைந்திருக்கலாம், பம்ப்பைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகியிருக்கலாம். மெக்கானிக்குகள் இதைக் கையாலேயே கண்டுபிடிப்பார்கள். இயந்திரம் தகிக்கிறது, ஆனால் ரேடியேட்டர் குளிர்ந்திருக்கிறது என்றால், இடையில் இருக்கும் கதவு திறக்கவில்லை என்று பொருள்.

நம் நாட்டில் சிலர் "இது வெயில் நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு" என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இது தவறான வாதம். வெளியே 33 பாகை என்பது இயந்திரத்துக்குக் குளிர்தான். கதவு இல்லாவிட்டால் இயந்திரம் தன் சரியான வெப்பநிலையை அடைய நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். அதே வாதத்தில், "இங்கே நீர் உறையாது, கூலண்ட் எதற்கு, குழாய் நீர் போதும்" என்பார்கள். கூலண்ட் உறைவதைத் தடுப்பதோடு நிற்பதில்லை. துருப்பிடிப்பதைத் தடுக்கும் சேர்மங்களும் அதில் உண்டு. கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. குழாய் நீரை மட்டுமே வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் உட்புறம் பழுப்பு நிறத்தில் இருக்கும். மேட்டில் கொதிக்கும் கார்களில் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மூடியைத் திறக்காதீர்கள்

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைத்துவிடக் கூடாது. அதிலுள்ள சுருள்வில், உள்ளே அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறக்குறைய இன்னொரு மடங்கு உயர்த்தி வைக்கிறது. அழுத்தம் இரட்டித்தால் நீர் 100 பாகையில் கொதிக்காது, சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும். சுருள்வில் தளர்ந்துபோனால் இந்தக் கூடுதல் இடைவெளி போய்விடும். மற்ற பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தும் கார் கொதிக்கும். சில ரிங்கிட் விலையுள்ள மூடியைச் சோதிக்காமல் சில நூறு ரிங்கிட் ரேடியேட்டரை மாற்றுவது உண்டு.

இதே அழுத்தம்தான் ஆபத்தும். 120 பாகையில் இருக்கும் நீரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விழுந்துவிடும். 100 பாகைக்கு மேலிருந்த வெப்பம் முழுவதும் ஒரு பகுதி நீரை ஆவியாக்கும். கணக்குப் போட்டால், ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 37 கிராம் நீர் ஆவியாகும்; அந்த 37 கிராம் ஆவி 60 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அது வெளியே வரும் ஒரே வழி, மூடியைத் திறப்பவரின் கையும் முகமும் இருக்கும் திசை. முகம் வெந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. துணியைப் போர்த்தித் திறந்தாலும் பாதுகாப்பில்லை. மேல் குழாயைக் கையால் அழுத்திப் பிடிக்க முடிகிற அளவுக்குக் குளிரும்வரை, குறைந்தது அரை மணி நேரமாவது, யாரும் அதைத் தொடக் கூடாது. உங்கள் அப்பாவோ மாமாவோ அவசரப்பட்டால் இந்த 60 லிட்டர் கணக்கைச் சொல்லுங்கள். காய்ந்துபோன சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது. உலோகம் சமமில்லாமல் சுருங்கி விரிசல் விடும்.

முள் ஏறுவதைப் பார்த்ததும் ஏர்கோனை அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் நின்றால், காருக்குள் இருக்காமல் தடுப்புக்கு அப்பால் போய் நிற்பது நல்லது.

நிறுத்தாமல் ஓட்டினால் வரும் விளைவே பிறகு காரணமாகவும் மாறிவிடுகிறது. அலுமினியம், இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். மிதமிஞ்சிச் சூடான உருளைத் தலை நெளிந்துவிடும். பொதுவாக அனுமதிக்கப்படும் நெளிவு 0.1 மில்லிமீட்டருக்குள்தான், ஒரு தாளின் கனம். அதைத் தாண்டினால், பட்டறையில் டாப் கேஸ்கெட் என்று சொல்லும் தகடு அடைத்து வைத்திருக்கும் இடம் விலகும். எரிவாயு நீருக்குள் புகும், நீர் உருளைக்குள் கசியும். கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் நீர் குறைந்துகொண்டே போவது, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டருக்குள் ஓயாமல் வரும் குமிழ்கள், எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் படியும் குழம்பு ஆகியவை இதன் அடையாளங்கள். கடைசி அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குறுகிய தூரமே ஓடும் கார்களில் காற்றின் ஈரம் படிந்தும் அப்படித் தெரியும்.

முள்ளையும் முழுதாக நம்பிவிட முடியாது. வெப்ப உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் நீரின் வெப்பநிலையைச் சொல்லும். குழாய் வெடித்து நீர் முழுவதும் போய்விட்டால், உணரி வெறும் காற்றில் நிற்கும். முள் கீழே இறங்கும், இயந்திரம் உள்ளே வெந்துகொண்டிருக்கும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு விளக்கு. இடையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்தக் கார்களில் வாரம் ஒருமுறை, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, சேமிப்புத் தொட்டியின் இரண்டு கோடுகளுக்கு இடையே நீர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே முன்னறிவிப்பு.

செய்து பார்க்க விரும்பினால், பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய தெர்மோஸ்டாட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் முன்னிலையில், ஆய்வுக்கூட முகவையில் நீர் நிரப்பி, தெர்மோஸ்டாட்டையும் வெப்பமானியையும் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு மெல்லச் சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணுக்கு அருகில் கதவு நகரத் தொடங்க வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து, குளிரும்போது எந்த வெப்பநிலையில் மூடுகிறது என்று குறியுங்கள். திறந்த எண்ணும் மூடிய எண்ணும் ஒன்றாக இருக்காது.